எதிர்பார்த்தலும் நம்புதலும்

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தரவேண்டுமென மலர்க்குழுவினர் என்னைக் கேட்டபோது, சங்க இலக்கியம் பற்றியோ சைவநெறி பற்றியோ எழுதுவேன் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். தமிழாசிரியன் ஒருவனிடம் வேறெதனை எதிர்பார்ப்பர்? ஆயினும் நான் எடுத்துக்கொண்ட பொருள் ஓர் ஆங்கில வினைச்சொல். 'எக்ஸ்பெக்ற்' என்பது அது. 'எதிர்பார்' என அதனைத் தமிழில் வழங்குகின்றோம். ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களின் வயலுக்குள் அத்துமீறிப் புகுந்தேன் என எவரும் வெகுள வேண்டா. இச்சொல் இன்று நமது தமிழுக்குள்ளும் நமது வகுப்பறைக்குள்ளும் நன்றாகவே குடியேறிவிட்டது. குடியேறியவர் யார், எங்கிருந்து வந்தார், என்ன குணத்தினர் என விசாரித்தறிதல் வீட்டுக்காரர் கடமையன்றோ?

விசாரணைக்குக் காரணமாய் அமைந்தது ஓர் அறிவித்தல். சென்ற ஆண்டில் ஒருநாள், நமது அறிவித்தற் பலகையிலே, "விளையாட்டுப் போட்டிக்கு மாணவர் அனைவரும் சமுகமளித்தல் எதிர்பார்க்கப்படுகின்றது" என எழுதப்பட்டிருந்தது. அதனை வாசித்த ஆறாந்தர மாணவனொருவன் என்னிடம் ஓடிவந்தான். "சேர், இது எங்களை வரச்சொன்னதோ, அல்லது நாங்கள் வருவம் எண்டு நினைச்சதோ?" என்று கேட்டான். நான் சிரித்தேன், ஆனால் விடை கூறவில்லை. கூற முடியவில்லை என்பதே உண்மை. ஏவலா, கருத்தா என்று அச்சிறுவனுக்கு எழுந்த ஐயம் நியாயமானது. அந்த வாக்கியம் தமிழ் எழுத்தில் எழுதப்பட்ட ஆங்கில வாக்கியம். ஆகவே ஐயத்தைத் தீர்க்க ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையே நாடினேன்.

'எக்ஸ்பெக்ற்' என்பது ஆங்கிலத்தின் பழஞ்சொல் அன்று. 16 ஆம் நூற்றாண்டிலேதான் அது இலத்தீனிலிருந்து அம்மொழிக்குள் வந்தது. இலத்தீனில் அதன் வடிவம் 'எக்ஸ்பெக்தாரே'. 'எக்ஸ்' என்னும் முன்னொட்டு 'வெளியே' எனப் பொருள்படும். 'ஸ்பெக்தாரே' என்பது விடாது நோக்குதலைக் குறிக்கும். ஆகவே, வெளியே பார்த்துக்கொண்டிருத்தல் என்பதே அச்சொல்லின் முதற்பொருள். நமது ஊர் வழக்கிற் சொல்வதாயின், படலையைப் பார்த்துக்கொண்டிருத்தல். வரவேண்டியவர் வரவில்லை, பொழுது சாய்கின்றது, திண்ணையில் இருப்பவரின் கண் படலையை விட்டு அகலவில்லை. இந்தக் காட்சிதான் அச்சொல்லின் கருவிலே கிடக்கின்றது.

பார்த்தலைக் குறிக்கும் அவ்வேரிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு பெருங்குடும்பமே கிளைத்துள்ளது. 'றெஸ்பெக்ற்' என்பது திரும்பிப் பார்த்தல். அதுவே பின்னர் மதிப்பாயிற்று. 'சஸ்பெக்ற்' என்பது கீழ்க்கண்ணாற் பார்த்தல், அது ஐயுறவாயிற்று. 'இன்ஸ்பெக்ற்' என்பது உள்ளே பார்த்தல். பாடசாலைக்கு இன்ஸ்பெக்ரர் வரும் நாளிலே ஆசிரியர்க்கு உண்டாகும் நடுக்கத்துக்கும் வேர் இதுவே. 'பார்க்கின்றான்' எனப் பொருள்தரும் 'பச்யதி' என்னும் வடசொல்லும் இந்த இனத்தைச் சேர்ந்தது என மொழிநூலார் காட்டுவர்.

வியத்தற்குரியது யாதெனின், இனத்தால் வேறுபட்ட மொழிகளும் இவ்விடத்தில் ஒரே வழியிற் சென்றிருத்தலாம். தமிழிலே 'எதிர்' என்பதும் 'பார்' என்பதும் கூடி 'எதிர்பார்' ஆயின. 'எதிர்' என்பது கண்முன் உள்ள இடத்தையும் குறிக்கும். இனிவரும் காலத்தையும் குறிக்கும். வரக்கூடியதை 'எதிரது' என வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில் வழங்கினார். வடமொழியிற் 'பிரதீட்சை' என்னும் சொல்லிலே 'நோக்கி' என்னும் முன்னொட்டும் 'காண்' என்னும் வேரும் உள்ளன. நமது அயன்மொழியாகிய சிங்களத்திலே 'பலாபொரொத்து' என்பர். அதன் முற்பகுதியும் பார்த்தலையே குறிப்பது. காத்திருத்தலைக் குறிக்கும் 'வெயிற்' என்னும் ஆங்கிலச் சொல்லும் 'வோச்' என்பதற்கு உறவாய், விழித்திருந்து பார்த்தல் என்னும் பொருளிலேயே தோன்றியது. இனிவருவதைப் பற்றிப் பேச முற்பட்ட மனிதன் எம்மொழியினனாயினும் முதலில் தன் கண்ணையே நினைத்தான் போலும். எதிர்பார்த்தல் கண்ணின் தொழில். இதனை வாசகர்கள் நினைவில் இருத்துமாறு வேண்டுகின்றேன். கட்டுரையின் முடிவுக்கு இது வேண்டப்படும்.

இனி, அச்சொல்லின் பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வளர்ந்த முறையைக் காண்போம்.

முதற்பொருள் காத்திருத்தல். சேக்ஸ்பியரின் 'வெனிஸ் வர்த்தகன்' நாடகத்தின் இறுதி அங்கத்திலே லொறென்சோ தன் காதலியை அழைத்து, உள்ளே சென்று வருவோரின் வரவுக்குக் காத்திருப்போம் என்கின்றான். அவ்விடத்து ஆசிரியர் ஆண்ட வினை 'எக்ஸ்பெக்ற்' என்பதே. 1611 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்திலும், எபிரேயருக்கு எழுதிய நிருபத்தின் பத்தாம் அதிகாரத்தில் இவ்வினை காத்திருத்தலையே உணர்த்துகின்றது. பிற்கால மொழிபெயர்ப்புகள் அவ்விடத்தில் 'வெயிற்' என மாற்றிக்கொண்டன. பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கியபோது நாவலர் பெருமான் துணைநின்றார் என்பதை அறிந்தவர்கள், சொல்லாராய்ச்சிக்காக இந்துக் கல்லூரி ஆசிரியன் ஒருவன் அந்நூலைப் புரட்டுதலைக் குற்றமாகக் கொள்ளார்.

காத்திருத்தல் என்னும் இப்பொருள் ஆங்கிலத்தில் வழக்கொழிந்ததென இக்காலப் பேரகராதிகள் குறிக்கின்றன. நமது மண்ணிலோ அது ஒழியவில்லை. முல்லைத்திணைக்கு இருத்தலை உரிப்பொருளாக வகுத்தனர் நம் முன்னோர். நாள்களை எண்ணிச் சுவரிற் கோடிட்டு விரல் தேய்ந்தவளையும், வழிபார்த்துக் கண்ணொளி மங்கியவளையும் வள்ளுவர் 'அவர்வயின் விதும்பல்' என்னும் அதிகாரத்திற் காட்டினார். அவையெல்லாம் ஏட்டிலுள்ளவை எனச் சொல்வோமாயின், 2017 ஆம் ஆண்டு மாசி மாதத்திலே கிளிநொச்சியில் வீதியோரத்தில், காணாமலாக்கப்பட்ட தம் மக்களின் படங்களை ஏந்தி அமர்ந்த தாய்மாரை என்னென்பது? அவர்களுட் பலர் மக்களைக் காணாமலே கண்மூடினர். அகராதி இறந்ததெனக் கூறும் பொருளை அவர்கள் உயிரோடு வைத்திருந்தனர். வருவரெனக் கணக்கிட்டோ, வரவேண்டுமெனக் கட்டளையிட்டோ அன்று; கண்ணை எடுக்க இயலாமையினாற் பார்த்திருத்தல் அது. எதிர்பார்த்தல் என்னும் சொல்லின் தூயவடிவம் அதுவே என்பேன்.

இரண்டாம் பொருள் கருதுதல். நிகழக்கூடுமென மதிப்பிடுவதற்கு அச்சொல் பயன்பட்டது. விருப்பம் இங்கு வேண்டுவதில்லை. நாளை மழையை எதிர்பார்க்கின்றோம் என்னும் உழவன் அதனை விரும்பலாம். புகையிலை உலர்த்துவோன் அஞ்சலாம். இருவரும் அதே வினையைச் சொல்வர். விரும்பியதைக் குறிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹோப்' என வேறு சொல் உண்டு. இக்கருதற்பொருள் மேலும் தேய்ந்து, இறந்தகாலத்தைப் பற்றியும் 'அப்படித்தான் இருக்கும்' என்னும் அளவுக்கு வந்தது. அது பிழையெனச் சிலர் கண்டித்தனர். 1926 ஆம் ஆண்டில் வழக்குநூல் எழுதிய பௌலரோ அவ்வளவு கண்டிப்பு வேண்டியதில்லை என்றார். கருவுற்றிருத்தலைக் குறிக்கும் இடக்கரடக்கலாகவும் இவ்வினை அமைந்தது. 'அவள் எதிர்பார்த்திருக்கின்றாள்' என ஆங்கிலேயர் செயப்படுபொருளின்றிக் கூறி நிறுத்திவிடுவர். நமது பெண்கள் 'முழுகாமல் இருக்கிறா' என்பது போல.

கணிதநூலாரும் இச்சொல்லைக் கைக்கொண்டனர். ஒல்லாந்தரான கிறித்தியான் ஹைகென்ஸ் சூதாட்டக் கணக்கைப் பற்றி எழுதிய சிறுநூல் 1657 இல் இலத்தீனில் வெளிவந்தபோது, ஆட்டக்காரன் ஒருவனுக்கு உரித்தான மதிப்பை 'எக்ஸ்பெக்தாற்றியோ' எனப் பெயர்த்தனர். நிகழ்தகவுக் கணிதத்தில் எதிர்பார்ப்பு என்னும் கருத்து நிலைபெற்றது அங்கிருந்துதான். அக்கணக்கில் ஒரு விந்தையுண்டு. ஆறு முகமுள்ள தாயக்கட்டை ஒன்றைப் பன்முறை உருட்டினால், ஒருமுறைக்கு எதிர்பார்க்கப்படும் எண் 3.5. ஆனால் அக்கட்டையின் எந்த முகத்திலும் 3.5 இல்லை! எவ்வளவு உருட்டினும் அந்த எண் ஒருபோதும் விழாது. எதிர்பார்க்கப்படும் அளவு கட்டைகள் யாவற்றுக்கும் பொதுவானது. எந்த ஓர் உருட்டலுக்கும் உரியதன்று. வகுப்பிலே நாற்பது பிள்ளைகளை முன்வைத்துச் சராசரியைக் கணித்து, இவனிடம் இத்தனை புள்ளி எதிர்பார்க்கின்றோம் எனச் சொல்லும் ஆசிரியர்கள் இத்தாயக்கட்டையை ஒருகணம் நினைத்தல் நன்று. சராசரி மாணவன் எனப்படும் பிள்ளை எந்த வகுப்பிலும் எந்த வாங்கிலும் இருந்ததில்லை.

மூன்றாம் பொருள் கேட்டுநிற்றல். அஃதாவது, கடமையென வற்புறுத்தல். வருவாய் என நினைக்கின்றேன் என்பது போய், வந்தேயாகவேண்டும் என்பதாயிற்று. இப்பொருளை உலகறியச் செய்த நிகழ்ச்சி ஒன்று வரலாற்றில் உண்டு. 1805 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21 ஆந் திகதி, ஸ்பானிய நாட்டுக் கரையை அடுத்த திரபல்கார் முனைக்கு அப்பால், பிரித்தானியக் கடற்படையும் பிரான்சு, ஸ்பெயின் ஆகியவற்றின் கூட்டுப்படையும் எதிர்ப்பட்டன. போர் தொடங்குமுன் தளபதி நெல்சன் தன் கப்பல்கள் யாவற்றுக்கும் ஒரு செய்தி அனுப்ப விரும்பினான். ஒவ்வொருவனும் தன் கடமையைச் செய்வான் என இங்கிலாந்து நம்புகின்றது என்பது அவன் சொல்லக் கருதிய செய்தி. நம்புகின்றது என்பதற்கு அவன் கூறிய ஆங்கிலச் சொல் 'கொன்பைட்ஸ்'.

அக்காலத்துக் கப்பற்செய்தி கொடிகளால் அனுப்பப்படும். குறியீட்டு நூலில் உள்ள சொல்லாயின் ஒருமுறை கொடியேற்றினாற் போதும். இல்லாத சொல்லாயின் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனியே கொடியேற்றவேண்டும். 'கொன்பைட்ஸ்' நூலில் இல்லை. ஆங்கிலத்தில் அதற்கு எழுத்து எட்டு. பகைவரோ நெருங்கிவிட்டனர். கொடிப்பொறுப்பில் இருந்த பாஸ்கோ என்னும் அலுவலர், அதற்குப் பதிலாக 'எக்ஸ்பெக்ற்ஸ்' எனப் போடலாமா, அது நூலில் உள்ளது, விரைவில் முடியும் எனக் கேட்டார். நெல்சனும் இசைந்தான். அவ்வாறு 'இங்கிலாந்து எதிர்பார்க்கின்றது' என்னும் செய்தி பறந்தது. அன்று வெற்றி கிடைத்தது, நெல்சன் மாண்டான், செய்தி நிலைத்தது. இன்று ஆங்கிலப் பிள்ளைகள் அறிந்திருப்பது 'எதிர்பார்க்கின்றது' என்பதையே. 'நம்புகின்றது' என்பது எழாமலே போன கொடியாயிற்று.

இந்த நிகழ்ச்சியைப் படித்த நாளில் நான் புத்தகத்தை மூடிவைத்து நெடுநேரம் இருந்தேன். நம்புகின்றேன் என்பதும் எதிர்பார்க்கின்றேன் என்பதும் ஒன்றா? முன்னது சொல்பவன் தன் நெஞ்சைத் திறந்து பிறன் கையிற் கொடுப்பது. தவறினால் இழப்பு இருவர்க்கும் உண்டு. பின்னது சொல்பவன் தன் கையை நீட்டிப் பிறனிடம் கேட்பது. தவறினால் குற்றம் அவனுடையது மட்டுமே. நம்புவதற்கு எட்டு எழுத்து. எதிர்பார்ப்பதற்கு ஒரு கொடி. விரைவு கருதி நெல்சன் மாற்றிக்கொண்டான்; அவன் முன்னே பகைவர் கப்பல்கள் நின்றன. நாமும் நம் பிள்ளைகளிடத்தில் அதனையே செய்கின்றோம். நம் முன்னே எந்தப் பகைவர் நின்றனர்?

என் பிழை ஒன்றை ஈண்டு ஒப்புக்கொள்ளுதல் முறை. பயிற்றப்பட்ட ஆசிரியன் என்னும் பத்திரம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், வேறொரு பாடசாலையிலே பத்தாம் வகுப்புக்குப் பொறுப்பாயிருந்தேன். வகுப்பில் ஒரு மாணவர், அறிவிற் குறைவில்லாதவர், காலை முதற்பாடத்தில் எப்போதும் தூங்கிவழிவார். அவருடைய தேர்ச்சியறிக்கையில், "இவரிடமிருந்து இதனினும் மேலாக எதிர்பார்க்கப்படுகின்றது" என எழுதி ஒப்பமிட்டேன். நல்ல தமிழில் எழுதியதாகவே நினைத்தேன். அறிக்கையை வாங்கவந்த தாயார் எழுத்தறிவு மிகாதவர். மகனைக்கொண்டு வாசிப்பித்துக் கேட்டுவிட்டு, என்னை நோக்கி, "ஐயா, ஆர் எதிர்பார்க்கினம்?" என்று வினவினார்.

அவ்வினாவில் ஏளனமில்லை, கோபமுமில்லை. அறிந்துகொள்ளவே கேட்டார். செயப்பாட்டுவினையில் எழுவாயாய் நிற்பது செயப்படுபொருள் என்றும், செய்தவன் மறைந்திருக்கலாம் என்றும் வகுப்பிற் கற்பிப்பவன் நான். என் வாக்கியத்திலே மறைந்திருந்தவன் எவன்? பாடசாலையா, திணைக்களமா, நானா? நானெனின் "எதிர்பார்க்கின்றேன்" என எழுதாமைக்குக் காரணம் யாது? விடை சொல்லாது நின்ற என்னிடம் அத்தாயார் மேலும் சொன்னார்: தாம் விடியப்புறம் இடியப்பம் அவிப்பதாகவும், மகன் நாலரை மணிக்கு எழுந்து சைக்கிளில் அதனைக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டே பாடசாலைக்கு வருவதாகவும், தகப்பன் இல்லையென்றும். ஓராண்டு முழுவதும் அப்பிள்ளை என் கண்முன் இருந்தார். நான் அவரிடம் எதிர்பார்த்தேன். ஆனால் அவரைப் பார்க்கவில்லை. அடுத்த தவணை தொடங்கியபோது அவருடைய இடம் வெறுமையாயிருந்தது. கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார் என்றனர். என் ஒரு வாக்கியத்தினால்தான் போனார் எனச் சொல்லமாட்டேன். வறுமைக்கு என் வாக்கியம் வேண்டியதில்லை. ஆனால் அவர் கையில் நான் கடைசியாகக் கொடுத்த எழுத்து அது. அதனைத் திருத்தி எழுத எனக்கு வாய்க்கவில்லை.

பின்னர் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவிலே கலிபோர்ணியா மாநிலத்துத் தொடக்கப் பாடசாலை ஒன்றில் றோசெந்தால், யேக்கப்சன் என்னும் இருவர் நடத்தி 1968 இல் நூலாக வெளியிட்டது அது. மாணவர்க்குப் பரீட்சையொன்று வைத்து, இன்னின்ன பிள்ளைகள் இவ்வாண்டில் நன்கு மலர்வர் என ஆசிரியர்க்குக் கூறினர். உண்மையில் அப்பிள்ளைகள் பரீட்சையின்படி தெரியப்பட்டவர் அல்லர். ஏறத்தாழ ஐவர்க்கு ஒருவராகத் திருவுளச்சீட்டுப்போல எடுக்கப்பட்டவர்கள். ஆண்டு முடிவிலே, கீழ்வகுப்புகளில், அவ்வாறு பெயர்குறிக்கப்பட்டோர் மற்றையோரினும் கூடுதலாக முன்னேறியிருந்தனர் என அவர்கள் கண்டனர். அளவை முறையிற் குறையுண்டென்று பின்வந்த அறிஞர் பலர் கண்டித்தனர்; விளைவு சொல்லப்பட்ட அளவு பெரிதன்று என்றும் காட்டினர். அது நிற்க. எனக்குப் புலப்பட்டது இது: அவ்வாசிரியர்களிடம் 'இப்பிள்ளைகளிடம் கேளுங்கள்' என எவரும் சொல்லவில்லை, 'இவர்கள் மலரப்போகின்றவர்கள்' என்று மட்டுமே சொன்னார்கள். மலரப்போவதை நாடோறும் பார்ப்பவன்போல ஆசிரியன் பார்த்திருப்பான். கேட்டுநிற்றல் என்னும் மூன்றாம் பொருளன்று. பார்த்திருத்தல் என்னும் முதற்பொருளே அங்கு வேலைசெய்தது என்பது என் துணிபு.

எதிர்பார்க்காமலே பிள்ளைகளை வளர்த்தல் கூடுமோ, கண்டிப்பின்றிக் கல்வியுண்டோ என வினவுவார் உளர். நியாயமான வினா. 'உன்னால் முடியாது' எனக் கைவிடுதல் பெருங்கொடுமை. அதனை நான் வேண்டவில்லை. நம்புதல் என்பது குறைத்து எதிர்பார்த்தலன்று. அது கடினமான தொழில். ஒருவனை நம்புவதாயின் அவனை அறிந்திருத்தல் வேண்டும். அறிவதாயின் பார்த்திருத்தல் வேண்டும். பார்ப்பதாயின் பொழுது செலவாகும். எதிர்பார்ப்பதற்கோ எதுவும் செலவில்லை. ஆதலின் அன்றோ அது மலிந்துகிடக்கின்றது! மருத்துவனாக வேண்டும், பொறியியலாளனாக வேண்டும் எனப் பிள்ளை பிறக்குமுன்னரே நீட்டப்படும் கைகள் எத்தனை! அப்பிள்ளை மாலையில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான், எதைக் கேட்டால் அவன் முகம் மலர்கின்றது என அறிந்த கைகள் அவற்றுள் எத்தனை?

நெல்சனின் செய்தியில் இணைந்துநிற்கும் மற்றச் சொல் கடமை. வள்ளுவரும் கடப்பாட்டைப் பற்றிக் கூறினார். ஒப்புரவறிதல் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே மழையை எடுத்துக்காட்டி, கைம்மாறு வேண்டாமையே கடப்பாடு என அமைத்தார். அங்கே இங்கிலாந்து எதிர்பார்க்கின்றது, வீரன் கடமை செய்கின்றான். இங்கே கடமை செய்பவன் எதிர்பார்ப்பதில்லை. இரண்டும் வெவ்வேறு திசையை நோக்கும் அறங்கள். ஆசிரியத் தொழிலும் பெற்றோர் தொழிலும் போர்க்களத்துத் தளபதியின் தொழிலுக்கு அணியவையா, மழையின் தொழிலுக்கு அணியவையா? மழை பெய்கின்றது. எந்த விதை முளைத்ததென அது கணக்குக் கேட்பதில்லை.

இவ்விழாவுக்குத் தொலைவிலிருந்தும் வரும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கொழும்பிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து நீங்கள் கல்லூரியை மறவாதிருக்கின்றீர்கள். கட்டடமும் ஆய்வுகூடமும் நூலகமும் தந்தீர்கள். அதற்கு என்றும் நன்றியுடையோம். கூட்டங்களிற் பேசும்போது, 'எங்கள் காலத்துப் பெறுபேற்றைக் கல்லூரியிடம் மீண்டும் எதிர்பார்க்கின்றோம்' என்கின்றீர்கள். உரிமையுள்ளவர் கேட்கலாம். ஆனால் கேட்குமுன், சொல்லின் முதற்பொருளுக்கு ஒருமுறை திரும்பிவாருங்கள். வந்து பாருங்கள். மேடையிலிருந்து அன்று, வகுப்பின் பின்வாங்கில் ஒருநாட் காலை இருந்து பாருங்கள். தூங்கிவழியும் பிள்ளை எவனெனக் காணுங்கள். அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் எனக் கேளுங்கள். அதன்பின் நீங்கள் சொல்லப்போகும் சொல் வேறாயிருக்கும்.

மாணவர்களுக்கும் ஒன்று. உங்களிடம் எதிர்பார்க்கப்படுகின்றது என எவரேனும் எழுதினால், யார் எதிர்பார்க்கின்றார் எனப் பணிவோடு கேளுங்கள். எழுவாயைத் தேடுதல் இலக்கணப் பயிற்சி மட்டுமன்று. பெயர் சொல்லி முன்வருபவர் உங்களை நம்புபவராயிருப்பார், அவருக்காக உழையுங்கள். எவரும் முன்வரவில்லையெனின், அவ்வாக்கியத்தை ஒரு பாரமாய்ச் சுமந்து திரிய வேண்டா.

என்னுடன் தொழில்செய்யும் ஆசிரிய நண்பர்களே, தேர்ச்சியறிக்கையிலே குறிப்பெழுத ஒதுக்கிய இடம் சிறிதென்பதை அறிவேன். நாற்பது அறிக்கையை ஓரிரவில் எழுதவேண்டியிருப்பதையும் அறிவேன். ஒரே கொடியை ஏற்றிவிட்டால் வேலை முடியும். ஆயினும், நம் முன்னே பகைவர் கப்பல் ஏதுமில்லை. இருப்பவர் நம் பிள்ளைகளே. எட்டு எழுத்தாயினும் ஒவ்வொன்றாய் ஏற்றுவோம்.

அறிவித்தற் பலகையில் இருந்த அவ்வாக்கியத்தையும் அதிபரின் இசைவோடு மாற்றி எழுதினேன். "மாணவர் அனைவரும் விளையாட்டுப் போட்டிக்கு வாருங்கள்; நாங்கள் காத்திருப்போம்" என்பது புதிய வாசகம். அந்த ஆறாந்தர மாணவன் அதனையும் நின்று வாசித்தான். இம்முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.